தில்லித் திரையரங்குகள்: தோற்றமும் மாற்றமும்

கூத்துக்கு அரங்கம் அமைப்பது எளிய செயலன்று என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய மேடைக்கு இளங்கோவடிகள் அளவு கூறுகிறார். அகலம் ஏழு கோல்; நீளம் எட்டுக் கோல்; தரையினின்று உயரம் ஒரு கோல். அவ்வளவில் அவர் நின்றுவிடவில்லை. அவ்வரங்கிற்குத் தக்க வாயில்கள் இரண்டு இருந்தன என்றும், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்பட்டிருந்தன என்றும் நுட்பமாகக் குறிக்கிறார். அளவும் வாயிலும் விளக்கும் முறையாக அமைந்தாலன்றி அரங்கு அரங்காகாது என்பது அக்காலத்துக் கலைநூலார் கண்ட முடிபு.

இருபதாம் நூற்றாண்டில் கூத்தரங்கின் இடத்தைப் பெருமளவு திரையரங்கு கைக்கொண்டது. தலைநகராம் தில்லியில் திரையரங்குகள் தோன்றிய முறையையும், தழைத்த காலத்தையும், ஒன்றன்பின் ஒன்றாக விளக்கணைந்த வரலாற்றையும் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. இதனைக் கேளிக்கையின் வரலாறு என்று மட்டும் ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு நகரம் தன் மக்களை எங்கே, எந்த விலைக்கு, எத்தகைய காப்புடன் ஒன்றுகூட விட்டது என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

நகரம் படமான கதை

1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்சன் விடுதியில் லூமியேர் உடன்பிறந்தாரின் சலனப் படங்கள் முதன்முதலில் காட்டப்பட்டன. அன்று தில்லி தலைநகரன்று. பழைய பெருமைகளை நினைத்துக்கொண்டிருந்த வணிக நகரம். 1911 டிசம்பரில் நடைபெற்ற முடிசூட்டுத் தர்பாரில், தலைநகர் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாறும் என்ற செய்தியை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வெளியிட்டார். அந்தத் தர்பாரை ‘கினிமாகலர்’ என்னும் வண்ண முறையில் படமெடுத்து, மறு ஆண்டில் இலண்டனில் காட்டினர். தலைநகரான செய்தியோடு தில்லியின் உருவமும் கடல் கடந்து திரையேறியது எனலாம்.

பழைய நகரின் திரையரங்குகள் சாந்தினி சௌக், காஷ்மீரி வாயில், ஜும்மா மசூதிச் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் தோன்றின. ஜூபிலி, மெஜஸ்டிக், நாவல்டி, ரிட்ஸ், மோதி, எக்செல்சியர், ஜகத் முதலிய பெயர்கள் பழைய தில்லிவாசிகளின் நாவில் நெடுங்காலம் வழங்கியவை. கடைத்தெருவின் நடுவே, பெரும்பாலும் குறுகிய முகப்புடன், உள்ளே சென்றால் நூற்றுக்கணக்கானோர் அமரத்தக்க கூடத்துடன் இவை விளங்கின. சாந்தினி சௌக்கிலுள்ள பாகீரத் பேலஸ் பகுதி பட விநியோகத்தாரின் அலுவலகங்கள் செறிந்த இடமாயிற்று. வடநாட்டு ஊர்கள் பலவற்றுக்குப் படப்பெட்டிகள் அங்கிருந்தே புறப்பட்டன.

அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலின், 1918-இல் இயற்றப்பட்ட சினிமாட்டோகிராப் சட்டம், படத்தைத் தணிக்கை செய்வதோடு, படம் காட்டும் இடத்தின் பாதுகாப்பையும் உரிமத்திற்கு அடிப்படையாக வைத்தது. திரையரங்கைப் பற்றிய நம் நாட்டுச் சட்டத்தின் முதற்கவலைகளுள் ஒன்று பார்வையாளரின் உயிர்க்காப்பு என்பதை நாம் நினைவில் இருத்தல் வேண்டும். பின்னர் நேர்ந்தவற்றை எடைபோட இது உதவும்.

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1927-இல் அரசு நியமித்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை வழக்கறிஞரும் மத்திய சட்டமன்ற உறுப்பினருமான திவான் பகதூர் தி. ரங்காச்சாரியார். குழு நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் திரட்டி 1928-இல் அறிக்கை தந்தது. பிரித்தானியப் படங்களுக்குத் தனிச்சலுகை வேண்டும் என்ற ஆட்சியாளரின் விருப்பத்திற்கு அது இணங்கவில்லை. உள்நாட்டுப் படத்தொழிலை வளர்க்கும் வழிகளையே பெரிதும் ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளிற் பெரும்பாலானவை ஏட்டளவில் நின்றுவிட்டன. எனினும், அந்நாளைய இந்தியத் திரையரங்குகளின் நிலையை அறிய அதனினும் சிறந்த ஆவணம் இல்லை.

புது நகரும் புது மாளிகைகளும்

1931 ஒரு திருப்புமுனை. பிப்ரவரியில் புதுதில்லி முறைப்படி திறந்து வைக்கப்பெற்றது. மார்ச்சில் ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வெளிவந்து இந்தியப் படம் பேசத் தொடங்கிற்று. அக்டோபர் இறுதியில் ‘காளிதாஸ்’ சென்னையில் திரையிடப்பட்டுத் தமிழொலியும் கேட்டது. புதிய தலைநகரும் பேசும்படமும் ஒரே ஆண்டின் பிள்ளைகள்.

மறு ஆண்டே, 1932-இல், கன்னாட் பிளேசில் ரீகல் எழுந்தது. புதுதில்லியின் கட்டட ஒப்பந்தக்காரர்களுள் முதன்மையானவரான சர் சோபா சிங் அதனைக் கட்டுவித்தார். வரைந்தவர் வால்ட்டர் சைக்ஸ் ஜார்ஜ். நாடகமும் இசையும் நடனமும் நிகழ்தற்கேற்ற மேடையுடன் அமைந்த அக்கூடத்தில் படமும் காட்டப்பட்டது. பிருத்விராஜ் கபூர் தம் குழுவுடன் வந்து அங்கு நாடகங்கள் நடத்தினார். 1933-இல் தோன்றிய பிளாசா, கன்னாட் பிளேசின் அமைப்பாளரான ராபர்ட் டோர் ரஸ்ஸலின் கைவண்ணம். நடிகரும் படத் தயாரிப்பாளருமான சோராப் மோடியின் உடைமையாக அது சிலகாலம் இருந்தது. ரிவோலியும் ஒடியனும் இவற்றோடு சேர, வட்டமான அக்கடைத்தெருவின் மாலைப்பொழுது நான்கு படமாளிகைகளைச் சுற்றிச் சுழலலாயிற்று.

பழைய நகரின் கொட்டகைக்கும் புது நகரின் மாளிகைக்கும் இடையே இருந்த தொலைவு இரண்டு மூன்று கல்தான். ஆனால் மொழியும் உடையும் கட்டணமும் வேறு. அங்கே உருது வசனமும் பாட்டும். இங்கே பெரும்பாலும் ஆங்கிலப் படமும் அதிகாரிகளின் குடும்பமும். ஒரே ஊரில் இரண்டு நகரங்கள் இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின்

1947-இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து இலட்சக்கணக்கானோர் தில்லி வந்து சேர்ந்தனர். நகரம் நாற்றிசையும் பரந்தது. புதிய குடியிருப்புகள் தோன்றத் தோன்றப் புதிய திரையரங்குகளும் தோன்றின. 1954-இல் ஆசப் அலி சாலையில் டிலைட் திறக்கப்பட்டது. பழைய நகரின் மதில் நின்ற வரிசையில் போடப்பட்ட சாலை அது. இரண்டு தில்லிகளும் சந்திக்கும் எல்லையில் நின்றமையால், இரு பக்கத்து மக்களும் அவ்வரங்கில் அமர்ந்தனர். அதே ஆண்டில் தரியாகஞ்சில் கோல்ச்சாவும் தோன்றியது.

1961-இல் பஹாட்கஞ்சில் திறக்கப்பட்ட ஷீலா, எழுபது மில்லிமீட்டர்ப் படத்தை இந்தியாவில் முதன்முதல் காட்டிய அரங்கென்று பெயர்பெற்றது. வழக்கமான முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருளைப்போல் இரு மடங்கு அகலமுள்ள சுருள். அதன் ஓரத்தில் ஆறு ஒலித்தடங்கள். படமும் ஒலியும் பார்ப்போரைச் சூழ்ந்துகொள்ளும் அனுபவம் அன்று அத்தகைய பேரரங்கில் மட்டுமே கிட்டியது. 1970-ஐ ஒட்டித் தூதரகங்கள் சூழ்ந்த சாணக்கியபுரியில், கட்டடக் கலைஞர் பி.என். மாத்தூர் வரைந்தவாறு, புதுதில்லி நகராட்சி சாணக்கியா அரங்கை எழுப்பியது. பூச்சற்ற கான்கிரீட்டின் வலிமையை மறைக்காது காட்டிய அக்கட்டடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே அமரலாம்.

இத்தகைய அரங்குகளின் உள்ளியக்கம் இன்றைய இளைஞர் அறியாதது. ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழப் பதினொரு நிமிடமே ஓடும். ஆகவே இரண்டு எறிகருவிகள் பக்கம்பக்கமாக நிற்கும். ஒன்றில் சுருள் முடியும் நொடியில் மற்றொன்று தொடங்க வேண்டும். இரு கரிக்கோல்களின் நுனிகளுக்கிடையே பாயும் மின்னொளியே திரைக்கு வெளிச்சம். கோல்கள் எரிந்து தேயத் தேய, ஆபரேட்டர் அவற்றை நெருக்கிக்கொண்டே இருப்பார். சற்றே கவனம் பிசகினால் திரை மங்கும். கீழே சீழ்க்கை கிளம்பும். காண்போர் அறியாதவாறு வேலை செய்வதே அவருக்குப் பெருமை.

வாழ்வு நடந்த முறையும் வேறு. படப் பிரதிகள் சிலவே, அரங்குகளும் சிலவே. நல்ல படம் ஓர் அரங்கில் இருபத்தைந்து வாரம் ஓடி வெள்ளிவிழாக் காணும். பெரிய அரங்கு நிலைத்தமைக்கு இந்நீண்ட ஓட்டமே பொருளாதார அடிப்படை. முன்வரிசையில் சுமைதூக்குவோரும், பின்வரிசையில் எழுத்தரும், மாடியில் அதிகாரியும், பாக்ஸில் செல்வரும் வேறுவேறு கட்டணம் செலுத்தி அமர்ந்தனர். வகுப்பு வேற்றுமை அங்கும் இருந்தது. நுழைவாயிலே தனித்தனியாக இருந்த இடங்களும் உண்டு. ஆயினும் விளக்கணைந்தபின் எல்லோர் மீதும் ஒரே வெளிச்சம் விழுந்தது. ஒரே இடத்தில் எல்லோரும் சிரித்தனர்.

தலைநகரத் தமிழரும் திரையரங்கும்

மத்திய அரசுப் பணியை நாடி வந்த தமிழர் கோல் மார்க்கெட், கரோல் பாக், லோதி காலனி, பின்னர் ராமகிருஷ்ணபுரம் முதலிய பகுதிகளில் வாழ்ந்தனர். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. மொழியைக் காக்கச் சங்கமும் பள்ளியும் கோயிலும் இருந்தன. அவற்றோடு எண்ணத்தக்க நான்காவது இடம் ஒன்றும் இருந்தது. அதுவே ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சி.

வாரம் முழுவதும் இந்திப் படம் ஓடும் அரங்கு, ஞாயிறு காலையில் மட்டும் தமிழுக்கு வாடகைக்குக் கிடைக்கும். தகவல் வாய்மொழியாகவே பரவும். பேருந்து மாறி, குழந்தைகளுடன் குடும்பங்கள் வந்து சேரும். படத்தின் தரம் எத்தகையதாயினும் கூட்டம் குறையாது. ஏனெனில் படம் ஒரு காரணமே. மூன்று மணிநேரம் தமிழைச் செவியாரக் கேட்பதும், இடைவேளையில் ஊர்க்காரரைக் கண்டு மாற்றல் உத்தரவு முதல் மணப்பேச்சு வரை உசாவுவதும் அதன் உண்மையான பயன். நண்பகல் ஆனதும் தமிழ்க் கூட்டம் வெளியேற, இந்திக் காட்சிக்கு வேறு கூட்டம் உள்ளே நுழையும். அதே நாற்காலி, அதே திரை. ஆனால் காலையில் அது நம் ஊர்.

தமிழகத்துக் கலைத்திறனைத் தில்லியின் பொதுமக்கள் கண்டதும் இவ்வரங்குகளிலேயே. எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ 1948-இல் இந்தியிலும் வெளிவந்து, சென்னைப் படம் நாடு முழுவதும் செல்லக்கூடும் என்பதை மெய்ப்பித்தது. ஏ.வி.எம்.மின் ‘பஹார்’ வாயிலாக 1951-இல் வைஜயந்திமாலா வடநாட்டுத் திரைக்கு அறிமுகமானார். தூணின் நிழல் விழாத மேடையில் பயின்ற பரதம், கரிக்கோல் வெளிச்சத்தில் தில்லியை வந்தடைந்தது.

விளக்குகள் மங்கிய காலம்

இந்தியத் தொலைக்காட்சி 1959-இல் தில்லியில்தான் தொடங்கிற்று. தொடக்கத்தில் அது எவரையும் அச்சுறுத்தவில்லை. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. வீடியோ நாடாக்களும் பெருகின. 1987-இல் தொடங்கிய ‘இராமாயணம்’ தொடர் ஞாயிற்றுக்கிழமைக் காலையையே வீட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மாநில மொழிப் படங்களும் ஞாயிறு பிற்பகலில் முறைவைத்து ஒளிபரப்பாயின. காலைக்காட்சி என்னும் வழக்கத்தின் வேர் இவ்வாறு தளர்ந்தது.

பழைய நகரில் வீழ்ச்சி இன்னும் விரைவாக நிகழ்ந்தது. குடியிருப்புகள் கிடங்குகளாக மாறின. குடும்பங்கள் புறநகர் சென்றன. சாந்தினி சௌக்கின் மெஜஸ்டிக் இருந்த கட்டடம் சீக்கிய வரலாற்றைக் கூறும் பாய் மதி தாஸ் அருங்காட்சியகமாயிற்று. ஜூபிலி, ஜகத், நாவல்டி முதலியன ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. மோதி அரங்கு சிலகாலம் போஜ்புரிப் படங்களால் உயிர் தரித்தது. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த உழைப்பாளர், ஒருகாலத்தில் தமிழர் தேடிய அதே ஆறுதலைத் தம் மொழியில் அங்கே தேடினர். புதிதாக வந்தவனுக்குத் திரையரங்கு முதல் உறவினன் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

1997, ஜூன்

தில்லித் திரையரங்கின் வரலாற்றை இரண்டாகப் பிளக்கும் திங்கள் இது. 1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. கிரீன் பார்க்கிலுள்ள உபஹார் அரங்கில் ‘பார்டர்’ படத்தின் பிற்பகல் காட்சி நடந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்குமிடத்தை அடுத்திருந்த மின்மாற்றியில் தீ மூண்டது. புகை படிக்கட்டு வழியாக மேலேறி மாடி இருக்கைகளைச் சூழ்ந்தது. கூடுதல் வருவாய்க்காகப் போடப்பட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன, கதவு தாழிடப்பட்டிருந்தது, எச்சரிக்கை அறிவிப்பில்லை, அவசர விளக்கில்லை. 59 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் இழந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய வழக்கு இருபதாண்டுக்கு மேல் நீண்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் இருவருக்கும் தலைக்கு 30 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. எத்தொகையும் அவ்விழப்பை ஈடு செய்யாது. பழைய அரங்குகளின் பெருமையைப் பேசும் நாம் இந்த ஐம்பத்தொன்பது பேரையும் எண்ணிய பின்னரே பேச வேண்டும். மேடைக்கு இரண்டு வாயில் வகுத்த இலக்கியத்தின் வழிவந்தவர்கள் நாம். உள்ளே செல்ல வழி விட்டு, வெளியேற வழி அடைத்த கட்டடம், எத்துணை அழகியதாயினும் அரங்கென்னும் பெயருக்குரியதன்று.

அதே ஜூன் திங்களில், சாகேத் பகுதியில் அனுபம் அரங்கு நான்கு திரைகளுடன் மறுபிறப்பு எடுத்தது. வசந்த் விகாரின் பிரியா அரங்கு உரிமையாளரும் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோ நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய அதுவே இந்தியாவின் முதல் பல்திரை வளாகம். தூய்மை, குளிர்வசதி, தெளிந்த ஒலி ஆகியவை மக்களை ஈர்த்தன, கட்டணம் மிகுந்தது. ஒரே படம் ஒரே நாளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியாகி, சில நாட்களில் வருவாயை அள்ளிக்கொள்ளும் முறையும் வளர்ந்தது. வாரக்கணக்கான ஓட்டத்தை நம்பிய ஆயிரம் இருக்கைப் பேரரங்கு இதற்கு ஈடுகொடுக்க இயலாது தவித்தது. அது நின்ற நிலத்தின் விலையோ, அதன் சீட்டு விற்பனையைப் பார்த்து நகைக்கும் அளவுக்கு ஏறியது.

பலவகை முடிவுகள்

இதன் பின்னர் ஒவ்வோர் அரங்கும் ஒவ்வொரு வழியில் சென்றது. சாணக்கியா 2007 டிசம்பர் 27-ஆம் நாளோடு மூடப்பட்டது. அதனை மரபுச் சின்னமாகக் காக்க வேண்டுமென்று கட்டடக் கலைஞர்களும் பொதுமக்களும் எழுப்பிய குரல் பலிக்கவில்லை. மறு ஆண்டில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த விலையுயர்ந்த கடைவளாகம் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. கோல்ச்சா 2016-இல் மூடியது. ஷீலா 2017-இல் நின்றது.

ரீகலின் இறுதி நாள் 2017 மார்ச் 30. அன்று மாலை ‘மேரா நாம் ஜோக்கர்’ படமும், கடைசிக் காட்சியாக ‘சங்கம்’ படமும் திரையிடப்பட்டன. 1964-இல் வெளிவந்த அப்படத்தின் நாயகி, முன்னர்க் குறித்த வைஜயந்திமாலாவே. எண்பத்தைந்து ஆண்டுகள் ஒளிர்ந்த அரங்கு, சங்கமம் என்னும் பொருளுடைய பெயரோடு இருளடைந்தது. அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் மெழுகுச்சிலைக் காட்சி அவ்வாண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. அதுவும் 2020-இல் மூடப்பட்டுப் பின் நொய்டாவுக்குப் பெயர்ந்தது.

வேறு முடிவுகளும் உண்டு. பிளாசாவும் ரிவோலியும் பல்திரை நிறுவனத்தின் கைக்கு மாறி, உருமாறித் தொழிலைத் தொடர்ந்தன. டிலைட்டின் வழி தனித்தன்மையுடையது. 2006-இல் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பேரரங்கைப் பேணி, உடன் ஒரு சிறு அரங்கையும் சேர்த்தது. பொதுமக்கள் தாங்கும் கட்டணத்தைக் கைவிடவில்லை. இரண்டு தில்லிகளின் எல்லையில் நின்று இன்றும் இயங்கி வருகிறது.

தமிழகத்து நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தொடர்வண்டித் துறை ஊழியராக இருந்து ஊர்ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். பின்னர் அதற்கும் டிலைட் என்பதே பெயராயிற்று. தில்லி டிலைட் வாழ்கிறது. கோவை டிலைட்டில் படம் ஓடுவதில்லை. அதன் முதற்பெயர் ஒரு சாலைக்குரியதாக எஞ்சியுள்ளது. 1952-இல் ‘பராசக்தி’யுடன் தொடங்கிய மதுரைத் தங்கம் அரங்கு மறைந்து, அவ்விடத்தில் துணிக்கடை எழுந்தது. சென்னை அண்ணா சாலையில் 1913-இல் தோன்றிய எலெக்ட்ரிக் தியேட்டரை அஞ்சல் துறை ஏற்றது. அதனாலேயே அக்கட்டடம் பிழைத்தது. பயன் மாறினும் உடல் தப்பியதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

நம் கடன்

பழையன எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பதும், காலம் கொண்டுபோனதைக் குறித்துப் பேசுவது வீண் என்பதும் ஒருசார் கருத்துகளே. காக்கத்தக்கது எது என்று தெளிதல் முதற்கடமை. பல்திரை வளாகத்தின் தூய்மையும் வாயில்களும் வரவேற்கத்தக்கவை. ஆனால் சுமைதூக்குவோனும் அதிகாரியும் தத்தமக்கு இயன்ற கட்டணத்தில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த நிலை அங்கே இல்லை. ஏழைக்கு உரிய முன்வரிசை நீங்கிய அரங்கு, நகரத்தின் பொதுவிடம் என்னும் தகுதியிற் பாதியை இழந்துவிடுகிறது. நகரங்கள் நூலகத்திற்கும் பூங்காவிற்கும் இடம் ஒதுக்குவதுபோல், எளிய கட்டணமுடைய பாதுகாப்பான அரங்கிற்கும் இடம் ஒதுக்குதல் இயலாததன்று. டிலைட்டின் நிலைபேறு அதற்குப் போதிய சான்று.

கட்டடத்தைக் காப்பது அரசின் கையில் உள்ளது. நினைவைக் காப்பது நம் கையில் உள்ளது. ஞாயிற்றுக் காலைக்காட்சியைப் பற்றி எந்த அரசு ஆவணமும் கூறப்போவதில்லை. எந்த அரங்கில், எந்த ஆண்டில், யாருடைய முயற்சியால் தமிழ்ப்படம் திரையிடப்பட்டது என்பதை அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். மடித்து வைத்த துண்டறிக்கைகளும், கிழிந்த அரைச்சீட்டுகளும், சங்கத்து விழாக்களில் எடுத்த படங்களும் பல இல்லங்களின் பழைய பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவற்றைத் திரட்டி, அவர்தம் வாய்மொழியையும் பதிவு செய்து வைப்பது தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். மாதவியின் மேடை மண்ணோடு போயிற்று. அதன் நீளமும் அகலமும் வாயிலும் விளக்கும் நமக்குத் தெரியும். ஒருவர் எழுதி வைத்தார் என்பதே அதற்குக் காரணம்.